வண்டியை ஓட்டியது கன்னிகா

ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் முனிரத்தினம் வீடு எது என்று விசாரித்தால், "கார் ஓட்டுற அம்மா வூடா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். முனிரத்தினத்துக்கு இதில் வருத்தம் ஏதும் கிடையாது. தெரு முழுக்க பவர்லூம் தடதடக்கிற இடத்தில் ஒருத்தர் பேர் இன்னொருத்தர் காதில் விழுவதே பெரிய காரியம். தன் மனைவியின் பேர் அவ்வளவு சத்தத்தையும் தாண்டிக் கேட்கிறதே என்று அவருக்கு நெஞ்சு நிமிரும். ஆனால் அந்தப் பேரை அவரே ஒரு தடவை அழித்துவிடப் பார்த்தார். கூட இருந்து யோசனை சொன்னது அவருடைய அண்ணன் தேவேந்திரன். இரண்டு பேரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் கன்னிகா ஒரே நாளில் சரிபண்ணியிருப்பாள். நல்ல எண்ணத்தோடு செய்ததால் அத்தனை நாள் பிடித்தது.

கன்னிகா தறி வீட்டு மருமகள். கணவர் தறியைப் பார்த்துக்கொள்வார். நெய்த லுங்கிகளைக் கட்டாகக் கட்டிப் புத்தூர், திருப்பதி, காளஹஸ்தி கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவதும், "சரக்கு மட்டமா இருக்கே" என்று இழுக்கிற முதலாளிகளின் வாயை அடைப்பதும் அவள் வேலை. பஸ்ஸில் கட்டை ஏற்றினால் கண்டக்டர் முறைப்பார். ஷேர் ஆட்டோவில் ஏற்றினால் பக்கத்தில் உட்கார்ந்தவர் முறைப்பார். முறைப்பு வாங்கி வாங்கி அலுத்துப்போய்த்தான் கார் வாங்கும் எண்ணமே வந்தது.

முதலில் புத்தூர் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தது முனிரத்தினம். ஆறடி உயரம்; தறிக்கொட்டகை வாசலில் குனிந்து குனிந்தே பழகிய மனிதர். கிளட்சை மிதிக்கச் சொன்னால் பிரேக்கை மிதித்தார், பிரேக்கை மிதிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டார். எப்படியோ லைசென்ஸ் வந்துவிட்டது, ஓட்டத்தான் வரவில்லை. "நீ கத்துக்க கன்னிகா, நான் பக்கத்துல குந்திக்கினு வரேன்" என்று ஒதுங்கிவிட்டார். அவள் நாற்பது வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பிடித்த அன்றே அது தன் கைக்கென்று செய்தது என்று அவளுக்குப் பட்டுவிட்டது. குள்ளமான உடம்பு. சீட்டைக் கடைசி வரைக்கும் முன்னால் இழுத்து, லுங்கித் துணியில் பஞ்சடைத்துத் தானே தைத்த மெத்தை ஒன்றை நாடாவால் சீட்டோடு கட்டி, அதன்மேல் ராணி மாதிரி உட்கார்ந்து ஓட்டுவாள்.

வண்டி வாங்கிய கதையில் பாதி, இன்சூரன்ஸ் வாங்கிய கதை. நம் ஜனங்களுக்கு இன்சூரன்ஸ் என்றால் போலீஸ் மறித்தால் காட்டுகிற ஒரு காகிதம், அவ்வளவுதான். ஷோரூம்காரர் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாலை எங்கே, எலுமிச்சம்பழம் எங்கே என்று தேடப் போய்விடுவார்கள். திருப்பதி ஷோரூமில் விலை பேசி முடிந்ததும் அங்கிருந்த விற்பனையாளர், "இன்சூரன்ஸ் நாங்களே போட்டுடறோம் மேடம், வெளியில போடறதைவிட ரொம்பக் கம்மி" என்று ஆரம்பித்தார். கன்னிகா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"வண்டி மொத்தமா நொறுங்கிப் போச்சுன்னா இன்னா குடுப்பீங்க?"

விற்பனையாளர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். வண்டிக்கு இன்னும் பொட்டுகூட வைக்கவில்லை. கூட வந்திருந்த தேவேந்திரன், "நல்ல நாளும் அதுவுமா ஒன் வாயில வேற வார்த்தையே வராதாம்மா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"நல்லா ஓடுற வண்டிக்கு இன்சூரன்ஸ் எதுக்கு மாமா? போனாத்தானே அது வேணும்" என்றாள் கன்னிகா. கணவரின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள், வாயையும் குறைக்க மாட்டாள்.

அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை. தறிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிய நூல் வியாபாரியைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அவரிடம் நல்ல நூல் வாங்கினவரைக் கேட்க மாட்டார்கள். அறுந்து அறுந்து போகிற நூலைத் திருப்பிக் கொடுக்கப் போனவரைத் தேடிப் பிடித்து, என்ன நடந்தது என்று கேட்பார்கள். கன்னிகா அதே கணக்கைக் காருக்கும் போட்டாள். ரேணிகுண்டா ரோட்டில் அடிபட்ட கார்களைத் தட்டிச் சரிபண்ணும் சலீம் என்பவரின் ஷெட்டுக்கு நேரே போய் நின்றாள்.

"வண்டி எங்கம்மா?" என்றார் சலீம்.

"இன்னும் வாங்கல பாய். எந்தக் கம்பெனி வண்டிங்க இங்க ரொம்ப நாளா கெடக்குதுன்னு பார்க்க வந்தேன்."

சலீம் சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். பிறகு ஷெட்டைச் சுற்றிக் காட்டினார். இந்த வண்டி பொங்கலிலிருந்து கிடக்கிறது, கம்பெனிக்காரர்கள் போனை எடுப்பதில்லை. அந்த வண்டிக்கு எடுத்தார்கள், பாதிதான் தருவோம் என்றார்கள். செடி முளைத்துக் கிடந்த ஒரு வெள்ளைக் காருக்கு, பாலிசியில் எழுதியிருந்த விலையே தப்பு. வண்டி முழுசாகப் போனால் இவ்வளவுதான் தருவோம் என்று கம்பெனி முதலிலேயே ஒரு விலை போட்டுவிடும்; ஐ.டி.வி. என்பார்கள். கட்டுகிற தொகையைக் குறைத்துக் காட்டுவதற்காக அந்த விலையையும் சத்தமில்லாமல் குறைத்து வைத்திருந்தார்கள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போச்சு என்பது கன்னிகாவுக்கு அந்தச் செடியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. ஒரு கம்பெனியின் வண்டிகள் மட்டும் அங்கே அதிக நாள் தங்குவதில்லை என்று சலீம் சொன்னார். அதற்குப் புத்தூரில் ஏஜென்டு சுரேஷ்பாபு.

சுரேஷ்பாபு தெலுங்குக்காரர், தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். முதல் மூன்று வருஷத்துக்குள் வண்டி மொத்தமாகப் போனால் வாங்கிய பில் விலையையே தருகிற ஒரு கூடுதல் பாலிசி இருப்பதை அவர்தான் சொன்னார். அதையும் சேர்த்தால் கட்டுகிற பணம் ஷோரூம் சொன்னதைவிட அதிகம். "எப்ப குடுக்க மாட்டீங்க, அத்தச் சொல்லு முதல்ல" என்றாள் கன்னிகா.

"லைசென்ஸ் இல்லாதவங்க ஓட்டினா குடுக்க மாட்டாங்க அக்கா. தாகி நடிப்பினா, அதான் குடிச்சிட்டு ஓட்டினா, குடுக்க மாட்டாங்க. அப்புறம் பொய் சொல்லக் கூடாது. மத்ததெல்லாம் நெசமா இருந்தாலும், ஒரு பொய்யி மாட்டிக்கிச்சுன்னா மொத்தமும் போயிரும்."

பாலிசி விற்கிறவர் விற்பனைக்கு ஆகாத விஷயத்தை முதலில் சொல்கிறாரே என்று கன்னிகாவுக்கு அவரைப் பிடித்துப்போனது. அங்கேயே கையெழுத்துப் போட்டாள். செலவு அதிகம் என்று தேவேந்திரன் ஒரு மாதம் முணுமுணுத்தார்.

வண்டி வாங்கிய இரண்டாம் வருஷம் ஆனி மாதம் அது நடந்தது. தேவேந்திரனின் மகள் தரணிக்குத் திருத்தணியில் ஒரு வரன் வந்திருந்தது. பொருத்தம் பார்க்கத் திருப்பதியில் அவர்களுக்கு ஒரு ஜோசியர் உண்டு. காலையில் மூவரும் கிளம்பினார்கள். கன்னிகா ஓட்ட, பக்கத்தில் முனிரத்தினம், பின்னால் தேவேந்திரன். பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும் என்பது கன்னிகாவின் சட்டம். "நான் இன்னா கன்னுக்குட்டியா, கட்டிப்போட்டு இட்டுக்கினு போற?" என்று தேவேந்திரன் சண்டை போட்டார். பெல்ட் மாட்டும் சத்தம் கேட்கிற வரைக்கும் அவள் வண்டியை நகர்த்தவில்லை.

மாங்காய் சீசன். ஜூஸ் ஃபேக்டரிகளுக்குப் போகிற டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போகும். வடமாலபேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு தோப்பு வழியிலிருந்து டிராக்டர் ஒன்று ரோட்டைப் பார்க்காமல் அப்படியே ஏறிவிட்டது. டிரெய்லர் நிறைய மாங்காய். மாங்காயின் மேல் தோப்பில் பறித்துவிட்டு வருகிற பெண்கள். வலப்பக்கம் எதிரே பஸ். இடப்பக்கம் பள்ளம், பள்ளத்தில் புளியமரம். கன்னிகா பிரேக்கை மிதித்துக்கொண்டே இடப்பக்கம் இறக்கினாள். வண்டி பள்ளத்தில் பாய்ந்தது. மரம் நேராக முனிரத்தினம் உட்கார்ந்திருந்த பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. அவள் ஸ்டியரிங்கை இன்னும் ஒரு ஒடி ஒடித்தாள். மரம் அவள் பக்கம் வந்து மோதியது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மூன்று பேருக்கும் உயிர் இருந்தது. முனிரத்தினத்துக்கு நெற்றியில் சிராய்ப்பு. தேவேந்திரனுக்கு அதுகூட இல்லை. கன்னிகாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்து, வலது தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் பெல்ட் பதிந்த தழும்பு கன்றிப் போயிருந்தது. கார் மட்டும், முன்பக்கத்தை யாரோ கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி மரத்தடியில் கிடந்தது. டிராக்டர்மேல் இருந்த பெண்கள் இறங்கி ஓடிவந்து, கன்னிகாவை வெளியே எடுத்து, தங்கள் முந்தானையை நனைத்து முகம் துடைத்தார்கள்.

ஆம்புலன்ஸ் வந்து அவளை ஏற்றும்போது போலீசும் வந்துவிட்டது. "எவரு நடிப்பாரு?" என்று ஏட்டு கேட்டார், யார் ஓட்டியது என்று. தேவேந்திரன் யோசிக்கவே இல்லை.

"மா தம்முடு", என் தம்பி என்று முனிரத்தினத்தைக் காட்டினார்.

ஏன் அப்படிச் சொன்னார்? பிற்பாடு கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "வூட்டுப் பொம்பள பேரு போலீஸ் ஸ்டேஷன்ல ஏறலாமா?" தறித்தெருவில் பிறந்து வளர்ந்த எந்த ஆம்பிளையும் அதைத்தான் சொல்லியிருப்பார். முனிரத்தினத்துக்கும் அந்த நேரத்தில் அது சரியென்றே பட்டது. பெண்டாட்டிக்கு வருகிற கேள்வியைத் தான் வாங்கிக்கொள்வதுதானே புருஷ லட்சணம் என்று நினைத்து, ஏட்டு நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் பின்னாலேயே ஓடினார்.

கன்னிகாவுக்கு இது தெரிந்தது, கையில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த பிறகு. வண்டியை கிரேன் வைத்துத் தூக்கி சலீம் ஷெட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சுரேஷ்பாபு கிளெய்முக்கு விவரம் வாங்க வந்து, தன் போனைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். "டிரைவர் பேரு, முனிரத்தினம்..."

"இன்னா சொன்ன?" என்றாள் கன்னிகா.

"உங்க வூட்டுக்காரரு அப்படித்தானே போலீஸ்ல குடுத்திருக்காரு அக்கா?"

கன்னிகா கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். சுரேஷ்பாபுவுக்கு விஷயம் புரிந்ததும் நாற்காலியில் அப்படியே சரிந்துவிட்டார். "ஐயோ அக்கா. மாத்தினா, ஏன் மாத்தினீங்கன்னு கேப்பாங்க. மாத்தாம வுட்டு அவங்க கண்டுபுடிச்சா, பாலிசியே காலி."

தேவேந்திரனைக் கூப்பிட்டனுப்பினார்கள். வந்தவர் குரலை உயர்த்தினார். "ரெண்டு பேருக்கும் லைசென்ஸ் இருக்குது. யாரு ஓட்டினா இன்னா? இப்ப மாத்திச் சொன்னா தம்பி மேலதான் கேஸ் போடுவான். அது போவட்டும், திருத்தணிக்காரங்க காதுல வுயுந்தா? அந்த வூட்டுப் பொம்பள கார மரத்துல வுட்டு ஒடச்சுட்டாளாம்னு பேச மாட்டாங்க? தரணி கல்யாணம் இன்னாவறது?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் கன்னிகாவுக்கு இன்னும் எரிந்தது. கார் போனால் தறிக்கடன் மாதிரி அதுவும் ஒரு கடன், அடைத்துக்கொள்ளலாம். ஆனால் தன் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு தழும்பும் தான் ஓட்டியதற்குச் சாட்சி சொல்லும்போது, அந்த ஓட்டத்தை எடுத்து இன்னொருத்தர் பேரில் எழுதிவிட்டார்களே என்று நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. அன்றைக்குத்தான் அவள் ஓட்டியதிலேயே நல்ல ஓட்டம். அதையா மறைப்பது?

மற்றவர்கள் போன பிறகு முனிரத்தினம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒன்ன போலீசு கேள்வி கேக்கக் கூடாதுன்னுதான்..."

"மரம் யாரு பக்கம் வந்துச்சு, பார்த்தீங்களா?"

"நான் கண்ண மூடிக்கினேன்."

"உங்க பக்கம் வந்துச்சு. நான்தான் ஒடிச்சு என் பக்கம் வுட்டேன்."

முனிரத்தினம் அவள் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். கன்னிகா, "நானாப் போயி எதையும் சொல்ல மாட்டேன். ஆனா யாராச்சும் கேட்டா பொய் சொல்ல மாட்டேன், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வண்டியைப் பார்வையிட, கம்பெனி அனுப்பிய சர்வேயர் ஹரிபிரசாத் சலீம் ஷெட்டுக்கு வந்தார். சித்தூர்க்காரர், சட்டை மடிப்புக் கலையாத மனிதர். மூவரும் போயிருந்தார்கள், சுரேஷ்பாபுவும் இருந்தார். ஹரிபிரசாத் வண்டியைச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். சேசிஸே வளைந்துவிட்டது, சரிபண்ணுகிற செலவு வண்டி விலையைத் தாண்டும், இது டோட்டல் லாஸ்தான் என்று சலீமிடம் சொன்னார். பிறகு சலீம் கம்பி போட்டு நெம்பித் திறந்து வைத்திருந்த டிரைவர் கதவுக்குள் எட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டு நின்ற சீட்டைப் பார்த்தார். நாடாவால் கட்டிய லுங்கி மெத்தையைப் பார்த்தார். நிமிர்ந்து, ஷெட் தகரத்தில் தலை இடிக்காமல் கழுத்தைச் சாய்த்து நின்றுகொண்டிருந்த முனிரத்தினத்தைப் பார்த்தார்.

"மீரேனா பண்டி நடிப்பிந்தி?" நீங்களா ஓட்டினது என்று கேட்டார்.

முனிரத்தினம் தலையை ஆட்டினார். அது ஆமாமா இல்லையா என்று ஆட்டினவருக்கே தெரியாது.

"ஒக்கசாரி கூர்ச்சோண்டி சார். ஒரு தடவ உட்காருங்க, பார்ப்போம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். ஆறடி மனுஷனை அந்தச் சீட்டில் மறைக்க முடியுமா? முனிரத்தினம் ஒரு காலை உள்ளே வைத்தார். இன்னொரு காலுக்கு இடம் இல்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சலீம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார்.

"அடிபட்டப்ப சீட்டு முன்னால வந்துட்டுது சார்" என்றார் தேவேந்திரன்.

"மெத்தையும் அப்பவே வந்து கட்டிக்கிச்சா?" என்றார் ஹரிபிரசாத். கோபமாகக் கேட்கவில்லை. அவர் பார்வை கன்னிகாவின் மாவுக்கட்டுக்கு வந்தது. "அம்மா, நீங்க சொல்லுங்க. யாரு ஓட்டினது?"

"நான்தான் சார்" என்றாள் கன்னிகா.

"அதிர்ச்சியில இன்னாவோ பேசறா சார்" என்று தேவேந்திரன் குறுக்கே விழுந்தார். "புருஷன் மேல பழி வரக்கூடாதுன்னு சொல்றா. சத்தியமா தம்பிதான் ஓட்டினான்."

சத்தியம் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஹரிபிரசாத் பேனாவை மூடிப் பையில் போட்டார். "நான் சித்தூர்க்காரன் சார். எங்க ஊருல சத்தியம்னா எங்க போய்ச் சொல்லணும்னு உங்களுக்கும் தெரியும். இப்பவே என் வண்டில ஏறுங்க, காணிப்பாக்கம் போலாம். கொளத்துல முழுகிட்டு வந்து பிள்ளையார் முன்னால சொல்லுங்க. நான் அப்படியே எழுதிக்கிறேன்."

இந்தச் சீமையில் பங்காளித் தகராறானாலும் பணத் தகராறானாலும் கடைசிப் பேச்சு அதுதான். ஈரத்துணியோடு காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் நின்று பொய் சொன்னவன் உருப்பட்டான் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மகள் கல்யாணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேவேந்திரன் அந்தப் படியில் ஏறுவாரா?

ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு மாட்டியிருந்த முனிரத்தினம் மெல்ல வெளியே வந்தார்.

"காணிப்பாக்கம் வேணாம் சார். எனக்குக் காரே ஓட்டத் தெரியாது" என்றார். ஊருக்கே தெரிந்த விஷயம்தான்; ஆனால் அவர் வாயால் அன்றுதான் வந்தது. "அவதான் ஓட்டினா. மரம் என் பக்கம் வந்துச்சு, அவ ஒடிச்சுத் தன் பக்கம் வாங்கிக்கினா. அந்தக் கையப் பாருங்க. நான் இன்னிக்கி நின்னுக்கினு பேசறேன்னா அவதான் காரணம். அத்தப் போயி நான் ஓட்டினேன்னு கையெழுத்துப் போட்டேன் பாருங்க, தூத்தேறி." தலை தகரத்தில் மோதியதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

தேவேந்திரன் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். மரம் எந்தப் பக்கம் வந்தது என்பது அவருக்கு அதுவரைக்கும் தெரியாது. நசுங்கிய வலப்பக்கத்தையும் கண்ணாடிகூடக் கீறாமல் இருந்த இடப்பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு போய் சலீமின் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல போலீஸ்ல போய் மாத்திக் குடுங்க" என்றார் ஹரிபிரசாத். "அப்புறம் நடந்தத நடந்தபடி எழுதுங்க. கம்பெனி கேள்வி கேக்கும், லேட்டாகும். ஆனா நான் பார்த்தத நான் எழுதறேன்." கிளம்பும்போது கன்னிகாவிடம், "அந்த இடத்தையும் போய்ப் பார்த்துட்டுத்தான் வரேன் அம்மா. ரோட்டுல உங்க டயர் இழுத்த கோடு இருக்கு. நல்லா ஓட்டியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கன்னிகா அந்த வார்த்தையைத் திருப்பதியிலிருந்து நகரி வரைக்கும் பஸ்ஸில் மனதுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பெருமையாக இருந்தது. இருந்தால் என்ன, இருக்க வேண்டியதுதானே.

போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. அண்ணன் தம்பி இரண்டு பேரையும் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். கன்னிகாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். அப்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. டிராக்டர் மேல் இருந்த பெண்கள் அன்றைக்கே ஸ்டேஷனுக்கு வந்து, ஒரு அம்மாதான் ஓட்டிக்கொண்டு வந்தார், தங்கள்மேல் ஏற்றாமல் மரத்தில் விட்டார் என்று சொல்லியிருக்கிறார்கள். பயத்தில் உளறுகிறார்கள் என்று ஏட்டு அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். "அந்தப் பொண்ணுங்க சொன்னதுதான் நெசம், வீட்டு ஆம்பிளைங்க சொன்னது பொய்" என்று எஸ்.ஐ. ஏட்டையும் ஒரு பார்வை பார்த்தார். அவள் வாக்குமூலத்தை எழுதி, படித்துக் காட்டினார். ஓட்டியவர் பெயர் கன்னிகா. இடது கையால் அவள் போட்ட கையெழுத்து கோணலாக விழுந்தது; அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

கம்பெனி சும்மா விடவில்லை. ஏன் முதலில் ஒன்று, பிறகு ஒன்று என்று கேட்டது. சுரேஷ்பாபு புத்தூருக்கும் திருப்பதிக்குமாக அலைந்தார். ஆடி முழுக்கக் கன்னிகா லுங்கிக் கட்டை ஷேர் ஆட்டோவில் ஏற்றி, பழையபடி முறைப்பு வாங்கினாள். பொய்யை வெளியே சொன்னதால் எல்லாம் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது. "போனா போவட்டும், எம்பேர்ல இருந்தே போவட்டும்" என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வாள். ஒரு நாள் சுரேஷ்பாபு போன் பண்ணி, "ஒப்புக்குன்னாரு அக்கா!" என்று கத்தினார். கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது. ஒரு பொய் இருந்தது உண்மை, ஆனால் சர்வேயர் கேட்டதும் ஒப்புக்கொண்டு போலீசிலும் திருத்திவிட்டார்கள், ஓட்டியவருக்கு லைசென்ஸ் இருந்தது, சர்வேயர் எழுதியது வலுவாக இருந்தது. பில் விலை முழுசும் தருவதாகக் கடிதம் வந்தது. பாங்கிக் கடன் போக மீதி அவள் கணக்குக்கு வந்தது. சாவியையும் ஆர்.சி.யையும் கொடுத்துவிட்டு, நொறுங்கின வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போவதை ரோட்டு முனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். சலீம் டீ வாங்கிக் கொடுத்தார். "என் ஷெட்டுல ரொம்ப நாள் தங்காத வண்டி கணக்குல உங்களதும் ஒண்ணும்மா" என்றார்.

ஜோசியர் பொருத்தம் சரி என்றதும், ஆவணியில் திருத்தணிக்காரர்கள் பெண் பார்க்க தேவேந்திரன் வீட்டுக்கு வந்தார்கள். தரணியை எல்லோருக்கும் பிடித்திருந்தது. கன்னிகா கேசரித் தட்டுகளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தபோது, மாப்பிள்ளையின் தாயார் ரத்னம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஆனி மாசம் உங்க வூட்டுக் காரு மரத்துல மோதிச்சாமே? யாரு ஓட்டிக்கினு போனது?"

கன்னிகா தட்டோடு அப்படியே நின்றாள். போலீசில் எழுதியாகிவிட்டது, கம்பெனியில் எழுதியாகிவிட்டது. ஆனால் இந்தக் கூடத்தில் தேவேந்திரன்தான் பெரியவர். இந்தக் கல்யாணம் அவர் மகளுடையது. அவர் என்ன சொன்னாலும் இன்றைக்கு வாயைத் திறப்பதில்லை என்று அவள் முடிவு பண்ணியிருந்தாள். முனிரத்தினம் அண்ணன் முகத்தையே பார்த்தார்.

தேவேந்திரன் கையிலிருந்த வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தார்.

"எங்க கன்னிகாதான்" என்றார். "இன்னா ஓட்டு ஓட்டினாங்கறீங்க! இந்தப் பக்கம் பஸ்ஸு, அந்தப் பக்கம் பள்ளம், எதுர்ல டிராக்டர், அதும் மேல பொம்பளைங்க. வேற ஒருத்தனா இருந்தா எல்லாத்தையும் அடிச்சுக்கினு போயிருப்பான். இவ மரத்தத் தன் பக்கம் இஸ்துக்கினா. எந்தம்பி உசிரு, என் உசிரு, எல்லாம் இவ கையிலதான் இருந்துச்சு. கை ஒடஞ்சது இவளுக்கு. போலீஸ் ஸ்டேஷன்ல எஸ்.ஐ. எழுந்து நின்னு நாற்காலி போட்டான் தெரியுமா? எதுர்ல வந்தது ஒரு டிராக்டர் இல்ல, ரெண்டு..."

கன்னிகாவுக்குப் பொறுக்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தபோதும் பொறுக்கவில்லை. "ஒரு டிராக்டர்தான் மாமா" என்றாள்.

"நீ சும்மா இரு!" என்று அதட்டினார் தேவேந்திரன். "ஓட்டினவ நீ. ரோட்டப் பார்த்துக்கினு இருந்திருப்ப. நீ ஓட்டினதப் பார்த்தவன் நான்தானே!"

கூடமே சிரித்தது. ரத்னம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த வெற்றிலையை வைத்துவிட்டு, பாயில் நகர்ந்து இடம் விட்டு, "இங்க வந்து குந்தும்மா, எம்பக்கத்துல" என்றார். கன்னிகா தட்டைக் கணவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.